மூன்று ஊசி போட்டும் மாடு சினை நிற்கவில்லை, வெயில்தான் காரணமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: மூன்றாம் ஈற்று ஜெர்சி கலப்பினம், கடலோர ஊர், பங்குனியிலிருந்து மூன்று முறை சினை ஊசி போட்டும் 21 நாளுக்கொரு தரம் மறுபடி பருவத்துக்கு வந்துவிடுகிறது, வீட்டில் விற்றுவிடச் சொல்கிறார்கள்.

முதலில், இப்போது விற்காதீர்கள். எனக்கும் சிதம்பரம் பக்கம்தான். 2016 ஆனியில் இதே மாதிரி ஒரு மாட்டை மலடு என்று முடிவுகட்டி, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் வீட்டில் கார்த்திகையில் போட்ட முதல் ஊசியிலேயே சினை நின்றது. ஆவணியில் கிடேரிக் கன்று. அந்த மாட்டில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் பக்கம் வெயிலை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிவிடும், புழுக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாடு தன் சூட்டைத் தள்ளுவது வேர்வையாலும் மூச்சாலும். காற்றே ஈரமாக இருந்தால் வேர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் வெப்ப ஈரக் குறியீடு என்று ஒன்று உண்டு. அது 72-ஐத் தாண்டினால் கறவை மாடு திணற ஆரம்பிக்கும் என்பது ஹோல்ஸ்டீன் என்ற குளிர்நாட்டுக் கறவை இனத்தை வைத்துச் சொன்ன எல்லை. நம் கலப்பினம் இன்னும் கொஞ்சம் தாங்கும். கரூர் பக்கம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் குறியீடு 84. நம் ஊரில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 86. நம்மூர் மாடுதான் அதிகம் தவிக்கிறது. ராத்திரி 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள், அப்போதும் 80 வருகிறது. கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் விடியற்காலையிலாவது மாட்டின் உடம்பு ஆறும். இங்கே கத்திரி நாட்களில் அதற்கும் வழியில்லை.

ஒரு சித்திரை மாதம் கொட்டகையில் மாட்டின் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். சாதாரணமாக 38.5 இருக்க வேண்டியது சாயந்தரம் 4 மணிக்கு 39.8, ராத்திரி 10 மணிக்கும் 39.4. கரு தங்க வேண்டிய கருப்பையும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஊசி போடும் சமயத்தில் அங்கே அரை டிகிரி கூடினாலே சினை பிடிப்பது குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

உங்கள் மாட்டுக்கு நேர்ந்தது என்னவென்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஊசி ‘பிடிக்கவில்லை’ என்கிறோம். பல தடவை பிடித்திருக்கும். கரு உண்டாகி முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடு தாங்காமல் அழிந்துபோகிறது. தன்னிடம் கரு இருப்பதைத் தாயின் உடம்பு கண்டுகொள்வதே 16, 17-ஆம் நாள் வாக்கில்தான். அதற்கு முன்பே கரு போய்விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி 21-ஆம் நாள் பருவம் வந்துவிடும். அதனால்தான் மருந்து சரியில்லை, ஊசி போட்டவர் சரியில்லை, மாடு சரியில்லை என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். 7 நாள் ஆன கரு அவ்வளவு எளிதில் சாகாது. ஆக, ஊசி போட்ட நாளும் அதற்கடுத்த நாலைந்து நாளும் மாட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் முக்கியம். பெரும்பாலும் நாம் ஊசி போட்ட மறுநாளே மாட்டை வெயிலில் மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுகிறோம்.

அப்புறம், சூடு கருமுட்டையையும் கெடுக்கிறது. இன்று வெளிவரும் முட்டை ஒன்றிரண்டு மாதமாக உள்ளே வளர்ந்து வந்தது. வைகாசியில் அடிபட்ட முட்டைதான் ஆடியில் வெளிவரும். மழை பெய்து குளிர்ந்த பிறகும் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏமாற்றுவது இதனால்தான். ஊர்க் காளைக்கு விட்டாலும் இதே கதை: விந்து உருவாக 2 மாதம் ஆகிறது, கோடையில் தகரக் கொட்டகையில் நின்ற காளை மழைக்காலத்திலும் சரியாகப் பலன் தராது.

பருவ அறிகுறியும் மங்கிவிடும். மற்ற மாட்டின் மேல் ஏறாது, கத்தாது, கண்ணாடி மாதிரி ஒழுக்கும் கொஞ்சம்தான். அதுவும் நடுராத்திரி தொடங்கி விடிவதற்குள் முடிந்துவிடலாம். ராத்திரி 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு வாலடியைப் பாருங்கள். பருவமே காட்டாவிட்டால் ஹார்மோன் ஊசி போட்டு நாள் குறித்துச் சினைப்படுத்த மருத்துவரிடம் கேட்கலாம்.

குளிர வைப்பதில் பலரும் செய்யும் தவறு, பனி மாதிரித் தெளிக்கும் குழாயை மாட்டுவது. காய்ந்த ஊருக்கு அது சரி. கடலோரத்தில் அது காற்றை இன்னும் ஈரமாக்கும், முடி நுனியில் முத்து முத்தாக நிற்கும், தோல் நனையாது. நான் செய்வது இப்படி. குழாயால் முதுகும் விலாவும் தோல் வரை நனைய ஒரு நிமிடம் தண்ணீர், பிறகு பெரிய மின்விசிறியை அதன் மேல் ஐந்து நிமிடம் ஓட விடுவேன். மறுபடி தண்ணீர், மறுபடி காற்று, அரைமணி நேரம். மதியம் இரண்டு தடவை, ராத்திரி படுக்கப்போகுமுன் ஒரு தடவை. ராத்திரித் தடவையைத்தான் விடவே கூடாது. நனைப்பதற்கு முன் விலா ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள்; எனக்கு 80 வரை போயிருக்கிறது, அரைமணி நேரத்தில் 50-க்கு இறங்கும். 60-க்கு மேல் என்றால் மாடு தவிக்கிறது என்று அர்த்தம். காற்று இல்லாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை.

தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள், அசைபோடும் வயிறே ஒரு அடுப்பு. தொட்டியில் நிழலில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். கூரை தகரமென்றால் மேலே கீற்று பரப்புங்கள்.

இனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு உம்பளச்சேரி நாட்டு மாடு அதே வைகாசியில் ஒரே தடவையில் சினை நிற்கும். திமில் உள்ள மாட்டின் தோல் மட்டுமல்ல, கருவே சூட்டை அதிகம் தாங்குகிறது. நம் நாட்டு ஓங்கோல் மாட்டின் வழியில் வந்த, பிரேசிலில் நெல்லூர் என்று அழைக்கப்படும் இனத்தின் கருவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கடலோரத்தில் பாலுக்கு ஆசைப்பட்டு ஹோல்ஸ்டீன் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் மாட்டுக்கு இனி செய்ய வேண்டியது: ஒழுக்கு தெளிவாக இருக்கிறதா, சீழ் கலந்திருக்கிறதா என்று மருத்துவரை விட்டுக் கருப்பையைச் சோதித்துவிடுங்கள், மூன்று தடவை திரும்பிய மாட்டுக்கு அது அவசியம். சுத்தமாக இருந்தால், அடுத்த ஊசியை விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ போட்டு, ஐந்து நாள் வெளியே விடாமல் நனைத்துக் காற்று கொடுங்கள். அதுவும் நிற்காவிட்டால் ஐப்பசி மழை வரை தாது உப்பு கொடுத்துக் காத்திருங்கள். அந்த மாதத்துப் பருவம் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.