காபன் கிரெடிட் வாங்கினால் தொழிற்சாலையின் வெளியேற்றம் குறையுமா?

இரத்மலானையில் துணிகளுக்குச் சாயமிடும் தொழிற்சாலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஐரோப்பியக் கொள்வனவாளர் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தைக் குறைத்துக் காட்டச் சொல்கிறார். ஐரோப்பாவே வெளியேற்ற வர்த்தகத்தால்தான் குறைத்தது, ஆகவே நீங்களும் காபன் கிரெடிட் வாங்கினால் போதும் என்கிறார் ஒரு தரகர். வாங்கலாமா?"

தரகர் சொல்வதில் முற்பாதி பெருமளவு சரி. ஆனால் அதிலிருந்து பிற்பாதி பெறப்படாது, ஏனெனில் ஐரோப்பாவில் விற்கப்படுவதும் அவர் உங்களுக்கு விற்க வருவதும் ஒரே பண்டமல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முறையில், மின்நிலையங்களும் பெருந்தொழிற்சாலைகளும் சேர்ந்து ஓராண்டில் எத்தனை தொன் வெளியேற்றலாம் என்ற உச்சவரம்பை முதலில் சட்டம் வகுக்கிறது. அந்த அளவுக்கே அனுமதிகள் வெளியிடப்படுகின்றன. ஒவ்வோர் ஆலையும் தான் வெளியேற்றிய ஒவ்வொரு தொன்னுக்கும் ஓர் அனுமதியை ஒப்படைக்க வேண்டும். வரம்பு ஆண்டுதோறும் சுருங்குகிறது. ஒரு தொன்னைக் குறைக்க ஓர் ஆலைக்கு 20 யூரோவும் இன்னோர் ஆலைக்கு 80 யூரோவும் செலவாகுமெனில், முதலாவது ஆலை தேவைக்கு மேல் குறைத்து, மிஞ்சிய அனுமதியை இரண்டாவதற்கு 50 யூரோவுக்கு விற்கும். இருவருக்கும் இலாபம், மொத்த வெளியேற்றமோ வரம்பைத் தாண்டாது. அதாவது வெளியேற்றத்தைக் குறைப்பது வரம்பு. வர்த்தகம் செய்வது அந்தக் குறைப்பின் செலவைத் தணிப்பது மட்டுமே.

வரம்பு தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கும் ஐரோப்பாவே சாட்சி. 2005இல் திட்டம் தொடங்கியபோது உண்மையான வெளியேற்றத்தை விடக் கூடுதலான அனுமதிகள், அதுவும் பெரும்பாலும் இலவசமாக, வழங்கப்பட்டதால் 2007இல் விலை ஏறத்தாழப் பூச்சியத்துக்கு வீழ்ந்தது. 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னரும் உபரி தேங்கி, விலை பல ஆண்டுகள் 10 யூரோவுக்குக் கீழேயே கிடந்தது. உபரியைச் சந்தையிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடு 2019இல் நடைமுறைக்கு வந்து, வரம்பும் இறுக்கப்பட்ட பின்னரே, 2023 பெப்ரவரியில் விலை முதன்முறையாக 100 யூரோவைத் தொட்டது. அவ்வாண்டளவில் இத்துறைகளின் வெளியேற்றம் 2005ஐ விட ஏறத்தாழ 47 சதவீதம் குறைந்திருந்தது. காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான மானியங்களுக்கும் இதில் பங்குண்டு. முழுப் பெருமையையும் சந்தைக்கே எழுதிவிடுவது நியாயமாகாது. அனுமதி ஒப்படைக்கத் தவறினால் தொன்னுக்கு 100 யூரோவுக்கு மேற்பட்ட தண்டப்பணத்தோடு, விடுபட்ட அனுமதியையும் பின்னர் ஒப்படைத்தே தீரவேண்டும் என்ற விதியை நான் வரம்புக்குச் சமமாக முக்கியமென மதிக்கிறேன்.

தரகரின் கிரெடிட்டுக்குப் பின்னால் இத்தகைய வரம்பு எதுவுமில்லை. எங்கோ ஒரு காட்டுத் திட்டமோ நீர்மின் திட்டமோ, தான் இல்லாதிருந்தால் வெளியேறியிருக்கக்கூடிய அளவை மதிப்பிட்டுக் காட்டி, தவிர்த்ததாகச் சொல்லும் தொன்களுக்குப் பெறும் சான்று அது; அந்த மதிப்பீடு மிகையானால், நீங்கள் காசு கொடுத்தும் வளிமண்டலத்தில் ஒரு கிலோகூடக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியமே 2021 முதல் தன் ஆலைகளிடமிருந்து வெளிநாட்டுக் கிரெடிட்டுகளை ஏன் ஏற்பதில்லை என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 2026 முதல் சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகள் மீது அங்கு அறவிடப்படும் எல்லைக் காபன் கட்டணமும் துணிகளுக்குப் பொருந்தாது. அதைக் காட்டி அவசரப்படுத்தினால் அஞ்ச வேண்டாம்.

கொள்வனவாளர் பெரும்பாலும் கேட்பது உங்கள் கொதிகலனதும் மின்பட்டியலினதும் கணக்கையே. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். மின்பிறப்பாக்கி ஆண்டுக்குப் 10,000 லீற்றர் குடித்தால் அதுவே 27 தொன். கடந்த 12 மாத எரிபொருள் பற்றுச்சீட்டுகளையும் மின்பட்டியல்களையும் அடுக்கி இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். நீராவிக் குழாய்களின் கசிவு, சாயத் தொட்டியிலிருந்து சூடாகவே வடிகாலுக்குப் போகும் நீர் ஆகியவற்றைக் கவனியுங்கள். கிரெடிட்டுக்கு ஒதுக்க எண்ணிய பணத்தை இங்கே செலவிட்டால் எரிபொருட் செலவும் இறங்கும். அதற்குப் பின்னும் வாங்க விரும்பினால், கொள்வனவாளர் அதைக் குறைப்பாகக் கணக்கில் எடுப்பாரா என எழுத்தில் கேட்டுப் பெற்று, கிரெடிட்டின் தொடர் இலக்கம் மறுபடி விற்க முடியாதபடி, பயன்படுத்தி முடிந்ததாக உங்கள் பெயரில் கிரெடிட் பதிவேட்டில் குறிக்கப்பட்டதைச் சரிபார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.