வீட்டில் செய்த துப்பாக்கி குற்றமா?

கேள்வி: அமெரிக்காவில் எவரும் வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ளலாமாமே, மாநிலச் சட்டங்கள் தடுக்காதா?

பதில்: எவரும் என்பது சரியன்று. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத ஒருவர், விற்பனைக்கன்றிச் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒன்றைச் செய்துகொள்வதற்கு 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு இச்சலுகை கிடையாது. ஆனால் கலிபோர்னியாவில், 2018 முதல், செய்யத் தொடங்கும் முன்பே மாநில அரசின் நீதித் துறையிடம் துப்பாக்கிக்கான வரிசை எண் பெற்றாக வேண்டும். ஒரு மாநிலத்தில் உரிமையாக இருப்பது எல்லை கடந்ததும் குற்றமாகிவிடுவது நேர்மையான குடிமக்களுக்குச் சிக்கல்தான்; என்றாலும், குற்றத்தில் பயன்பட்ட ஆயுதம் எவருடையது என்று தேடுவதற்கு ஓர் எண்கூட இல்லாத நிலையையே நான் பேராபத்தாகக் கருதுகிறேன். வீட்டிலேயே துப்பாக்கியாகப் பொருத்திக்கொள்ளக்கூடிய உதிரிபாகத் தொகுப்புகளைக் கட்டுப்படுத்தும் 2022ஆம் ஆண்டுக் கூட்டாட்சி விதியை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது.