ஃபெல்ட் பிக்: கேள்வியும் பதிலும்

கே: என்னிடம் இருப்பது சோப்ரானோ யூகுலேலே (கிட்டார் போன்ற சிறிய நாலு கம்பிக் கருவி), நைலான் கம்பிகள். பிளாஸ்டிக் பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) அடித்தால் 'டிக் டிக்' என்று கேட்கிறது. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பிக் வாங்கலாமா?

ப: வாங்குங்கள். பிளாஸ்டிக் கம்பியில் மோதும் சத்தம்தான் அந்த 'டிக்'. பிக்கின் முனை கூர்மையாக, கெட்டியாக இருந்தால் கம்பியில் அடிச்சுரத்தோடு (கம்பியின் அடிப்படைச் சுரம்) சேர்ந்து உயர்ந்த மேற்சுரங்கள் நிறைய எழும். ஃபெல்ட் அகலமாகத் தொட்டு மெல்ல நழுவுவதால் அவை குறையும், அடிச்சுரம் முன்னுக்கு வரும். கட்டைவிரல் சதையால் மீட்டுவதற்கு நெருக்கமான ஒலி இது.

3 மி.மீ. கனம் போதும். விரலுக்கு வெளியே 5 முதல் 8 மி.மீ. முனை நீட்டினால் போதுமானது. பிக்கைக் கம்பிக்குத் தட்டையாக வைக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். மேல்நோக்கி அடிக்கும்போது சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் தவறு பிடியில்தான் இருக்கும். இறுக்கத்தைத் தளர்த்துங்கள். கழுத்தும் உடலும் சேருமிடத்தில் மீட்டுங்கள், பாலத்தின் (உடலின்மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கம் போகவேண்டாம்.

கே: ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு ஆகுமா?

ப: ஒலி வரும், பிக் நிலைக்காது. தடித்த கம்பிகளின் மேல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் உலோகக் கம்பி அரம்போல ஃபெல்ட்டைத் தின்னும். உதிரும் பஞ்சு அந்தச் சுற்றுகளின் இடுக்கில் அடைந்து கம்பியின் ஒலியையும் மழுக்கும். யூகுலேலேயில் லோ ஜி (ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கும், பெரும்பாலும் உலோகம் சுற்றிய ஜி கம்பி) போட்டிருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சுற்றில்லாத ஃபுளூரோகார்பன் லோ ஜி கம்பி கிடைக்கிறது, அதை மாட்டுங்கள்.

கே: வீட்டிலேயே வெட்டிக்கொள்ள முடியுமா? கைவினைக் கடை ஃபெல்ட் போதுமா?

ப: முடியும், ஆனால் கைவினைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். ஏறத்தாழ 1 மி.மீ. கனம்தான், துணிபோலத் துவளும். அழுத்திச் செய்த கம்பளி ஃபெல்ட், 3 மி.மீ. கேட்டு வாங்குங்கள். ஓர் இழையைப் பிடுங்கி, பாத்திரத்தின் மேல் பற்றவைத்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றத்தோடு சாம்பலானால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை.

30க்கு 25 மி.மீ. அளவில் முனை மழுங்கிய முக்கோணம் வரைந்து, புது பிளேடால் நேராக அழுத்தி வெட்டுங்கள். கத்தரிக்கோல் இவ்வளவு கனத்தில் விளிம்பைச் சாய்த்துவிடும், ஒரு பக்கம் மட்டும் கம்பியில் மாட்டும்.

கே: முனை சீக்கிரம் நைந்துவிடுகிறது. பியானோ சுத்தியல் ஃபெல்ட்டுக்கு லாக்கர் (காய்ந்ததும் கெட்டியாகும் மெருகுப் பூச்சு) ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். பிக்கிலும் அப்படிச் செய்தால் என்ன?

ப: வேண்டாம். கெட்டியான விளிம்பு வந்துவிட்டால் நீங்கள் விட்டு வந்த 'டிக்' திரும்பி வரும்.

கே: அதே லாக்கரில் பியானோ இனிமையாகத்தானே ஒலிக்கிறது? பதில் போதவில்லை, ஐயா.

ப: நியாயமான கேள்வி, விரிவாகச் சொல்கிறேன். பியானோ சுத்தியல் கம்பியை அடித்துவிட்டு உடனே விலகிவிடும், உராய்வதில்லை. ஃபெல்ட் மிக மென்மையாக இருந்தால் கம்பியில் அதிக நேரம் தங்கி மேற்சுரங்களை அமுக்கும். அந்த மழுக்கத்தைப் போக்கத்தான் லாக்கர். கடினமாகிப்போன சுத்தியலை ஊசியால் குத்தி இளக்குவதும் உண்டு. பிக்கின் வேலை வேறு, அது கம்பியை இழுத்து நழுவ விடுகிறது. லாக்கர் ஊறிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி வளையும் தன்மையை இழக்கும். நான்கு கம்பிகளின் மேல் தேயத் தேய அந்த மேலோடு வெடித்துச் சொரசொரப்பாகும். அதற்குப் பிறகு நைவு இன்னும் வேகமாகும்.

கே: நானும் இந்த வாதத்தில் சேருகிறேன். லாக்கர் வேண்டாம், வெள்ளைப் பசை ஒரு சொட்டு?

ப: அதுவும் அதே கதைதான். நைந்த முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சிறு கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் உள்ளே பின்னியிருப்பதும் சேர்ந்து வரும். பிறகு அடுத்த முனைக்குத் திருப்புங்கள், மூன்று முனை இருக்கிறதே.

கே: பேஸ் கிட்டாரில்?

ப: அருமையாக இருக்கும், தட்டைச் சுற்றுக் கம்பி (தட்டையான உலோகப் பட்டை சுற்றியதால் மேற்பரப்பு வழுவழுப்பானது) போட்டிருந்தால். பாலத்தருகே உள்ளங்கையோரத்தை லேசாக வைத்து மீட்டினால், நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் குட்டையான, உருண்டையான ஒலிக்கு நெருங்கி வரும்.

கே: ஸ்டீல் கம்பி மாண்டலினுக்கு?

ப: கிட்டார் பதிலேதான். கம்பி சுற்றப்பட்டதா, வழுவழுப்பானதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.

கே: வீணைக்கு?

ப: வேண்டாம். நகத்தாலோ உலோக மீட்டியாலோ எழும் தெளிவான தொடக்கம்தான் கமகத்தைக் காதுக்குக் கொண்டுவருகிறது. மேலும் விவரத்தை வீணை ஆசிரியரிடம் கேளுங்கள்.

கே: எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆகுமா?

ப: அதுவும் ஸ்டீல் கம்பிதான். மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: பிக் பெட்டிக்குள் சிறு சிறு ஓட்டைகளோடு கிடக்கிறது. தேய்மானமா?

ப: இல்லை, அந்துப்பூச்சியின் புழுவோ கம்பள வண்டின் புழுவோ தின்றிருக்கும். கம்பளி அவற்றுக்கு உணவு. அந்தப் பிக்கை எறியுங்கள். கிட்டார் பெட்டியின் உள்துணி கம்பளியானால் அதையும் வெயிலில் காயவைத்துத் தட்டுங்கள், கருவியை வெளியே எடுத்துவிட்டு. புதுப் பிக்கை இறுக மூடும் சிறு டப்பாவில் போடுங்கள்.

கே: யூகுலேலே ஒலித்துளைக்குள் பஞ்சு சேர்ந்திருக்கிறது. வாக்குவம் போடலாமா?

ப: வேண்டியதில்லை. கருவியைக் கவிழ்த்து, பின்பலகையை விரல்நுனியால் தட்டுங்கள், விழுந்துவிடும். ஃப்ரெட் ஓரத்தில் ஒட்டியதற்கு உலர்ந்த மென்தூரிகை. ஈரத்துணி வேண்டாம், கம்பளி இழை ஈரத்தில் உருண்டு ஒட்டிக்கொள்ளும்.