இன்னும் எத்தனை கோடி போட்டால் தண்ணீர் வடியும்?

கேள்வி: எங்கள் தெருவைத் தோண்டித் தோண்டி மழைநீர் வடிகால் போட்டார்கள். போன மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கவுன்சிலரைக் கேட்டால், "இன்னும் நிதி கேட்டிருக்கிறோம்" என்கிறார். சென்னை மாநகராட்சி இன்னும் எத்தனை கோடி போட்டால் எங்கள் தண்ணீர் வடியும்?
– வாசகர் ஒருவர், மடிப்பாக்கம்

பதில்: கோடிகளைக் கூட்டுவதால் மட்டும் வடியாது. உங்கள் தெருத் தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு வரும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் பின்னால்தான் ஏறும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைக் கிடங்கு, சாலை, அலுவலக வளாகம், அடுக்குமாடி என்று தின்று தீர்த்தாயிற்று. தண்ணீர் போய் நிற்க இடம் இல்லாதபோது, தெருவில் எவ்வளவு அகலமாக வடிகால் போட்டாலும் அது நிரம்பி நிற்கும், அவ்வளவுதான்.

சரி, இந்த நிலத்தை யார் காப்பது? இங்கேதான் கோளாறு. வடிகாலுக்குப் பணம் ஒதுக்குவது ரிப்பன் மாளிகையில் கூடும் மாமன்றம். கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடன், கொசஸ்தலை ஆற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடன் என்று பெரிய தொகைகள் இதில் புரள்கின்றன. ஆனால் எந்த நிலம் வயல், எது குடியிருப்பு, எது தொழிற்சாலை என்று முடிவு செய்வது 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். சிறிய கட்டடங்களுக்கு அனுமதி தருவதோடு மாநகராட்சியின் அதிகாரம் நின்றுவிடுகிறது.

நாளிதழின் உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு வரும், பார்த்திருப்பீர்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பளவு, அப்புறம் ஒரே ஒரு வரி: 'வேளாண்மை உபயோகப் பகுதியிலிருந்து முதன்மைக் குடியிருப்பு உபயோகப் பகுதியாக' மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும். அந்தச் சர்வே எண் ஏரியின் கலங்கலுக்கு, அதாவது உபரி நீர் வெளியேறும் இடத்துக்கு, நேர் கீழே இருக்கிறதா, வாய்க்காலை ஒட்டியதா என்று அதில் இருக்காது. உங்கள் கவுன்சிலர் அதைப் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கான முதல் காரணம் அந்த ஒற்றை வரி. வடிகால் டெண்டர் அதற்குப் பத்து வருஷம் கழித்து வருகிறது, மக்கள் வரிப்பணத்தில்.

1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கு வழி சொல்லியிருந்தது. பெருநகரத் திட்டக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும். நிலத்தையும் நிதியையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசத்தான் அந்த ஏற்பாடு. சென்னையின் நில வரைபடத்தைத் தீர்மானிக்கும் இடமாக அந்தக் குழு ஆகவே இல்லை. போதாததற்கு 2016 முதல் 2022 வரை மாமன்றமே இல்லாமல் தனி அதிகாரியை வைத்து ஓட்டினார்கள்.

நிலத்தைப் பார்க்காமல் பணத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மழையைத் தானாகவே குடித்துவிடும் மணல் பூமி. அங்கேயும் கான்கிரீட் வடிகால் போட வந்தார்கள். குடியிருப்போர் எதிர்த்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அவர்கள் செய்தது சரி.

பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, சுமார் 1,248 ஹெக்டேருக்கு. அதற்குப் பிறகும், அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டடங்களுக்கு அனுமதி தராதே என்று 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது. 200 கவுன்சிலர்கள் உட்காரும் மாமன்றம் அதற்கு முன்பே தீர்மானம் போட்டுக் கேட்டிருக்க வேண்டிய விஷயம் இது. அதிகாரம் இல்லை என்பது உண்மை. குரல் கூடவா இல்லை?

உங்களையும் ஒன்று கேட்கிறேன். வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்த்திருப்பீர்கள். ஏரி எந்தப் பக்கம், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? குற்றம் உங்கள் மேல் இல்லை. அப்ரூவல் கொடுத்தது அரசு, நம்பி வாங்கியது நீங்கள். ஆனால் இனி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்காதீர்கள்.

எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரை நம்மை ஆளும். வார்டுப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வடிகாலுக்கு எவ்வளவு நிதி என்று கேட்பதோடு, நம் வார்டில் எந்தெந்த சர்வே எண்களுக்கு நில உபயோக மாற்றம் கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை மாமன்றத்தில் வைத்துப் பேசும்படி கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.