வாசகர் கேள்வி – பதில்: குற்றவாளி டவரா, ரவுட்டரா?

கேள்வி (உப்புவெளி): எங்கள் விடுதியில் பொழுதுபட்டால் வைஃபை இழுபடுகிறது. கிட்டடியில் டவர் எழும்பிய பிறகுதான் இந்தத் தொல்லை. வைஃபையின் அலைவரிசையை 4ஜியும் எடுத்துக்கொள்ளுமாமே? எங்களிடம் இருப்பது சிம் போடும் ரவுட்டர்.

பதில்: எடுத்துக்கொள்ள வழி உண்டு. உரிமம் தேவைப்படாத 5 கிகாஹேர்ட்ஸில் 4ஜியின் பதிவிறக்கத்தை மட்டும் அனுப்பும் எல்ஏஏ முறை, 2016இல் 3ஜிபிபியின் (மொபைல் தரநிலைகளை வகுக்கும் அமைப்பு) 13ஆம் வெளியீட்டோடு வந்தது. அது ஒவ்வொரு முறையும் சனல் வெறுமையா என்று கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும். சிக்கல் அந்தக் கேட்பில்தான். ஒரு வைஃபை இன்னொரு வைஃபையை -82 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, மைனஸ் எண் பெருக்கப் பெருக்க மெலிவு) வரை மெலிந்தாலும் இனங்கண்டு ஒதுங்கும். 4ஜி அதற்கு வெறும் இரைச்சல். -62ஐத் தாண்டினால்தான் ஒதுங்கும். இடைவெளி 20 டெசிபெல், சக்தியில் நூறு மடங்கு. எல்ஏஏயின் வரம்பு பொதுவாக -72. ஆகவே ஒன்றையொன்று -75இல் கேட்டால் இரண்டுமே சனல் வெறுமை என்று எண்ணி ஒரே நேரத்தில் அனுப்பும். இரண்டு பக்கமும் தரவு பழுதாகும்.

உங்கள் டவர் இதைச் செய்கிறதா? நெட்வொர்க் விவரம் காட்டும் செயலியைப் போனில் போட்டு, பெரிய கோப்பொன்றை இறக்கும்போது பாருங்கள். பாண்ட் 46 (அந்த 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைத் தொகுதியின் எண்) தெரிந்தால் ஆம். அந்தப் பாண்டை ஏற்கும் போனில்தான் தெரியும் என்பதால், ஒரு போனில் காணவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆனால் எங்கள் சந்தேகம் டவர் மேல் இல்லை, உங்கள் ரவுட்டர் மேல். இழுபடும் நேரத்திலேயே மடிக்கணினியை கேபிளால் ரவுட்டரில் மாட்டி வேகம் பாருங்கள். கேபிளிலும் மந்தமென்றால் வைஃபை அலைவரிசைச் சண்டை மட்டும் காரணமல்ல. உள்ளே வரும் 4ஜியே மந்தம். அப்போது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பாண்ட் எண்ணைப் பாருங்கள். 40 என்றால் அது 2300 – 2400 மெகாஹேர்ட்ஸ். வைஃபையின் 1ஆம் சனல் 2401இல் தொடங்குகிறது! ஒரே பெட்டிக்குள் வைஃபை அனுப்பும்போது பக்கத்து 4ஜி வாங்கியின் காது அடைபடும். ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் வலிமை) அப்படியே நிற்க எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவு என்ற அளவு) இறங்குவதே இதன் அடையாளம். ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். எஸ்ஐஎன்ஆர் நாலைந்து டெசிபெல் ஏறினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பிறகு 2.4ஐ 11ஆம் சனலில், 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். அறைகளுக்கான வைஃபையைத் தனி அக்சஸ் பொயின்டில், ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளிக் கொடுப்பது இன்னும் நல்லது.

எஸ்ஐஎன்ஆர் அசையவே இல்லையென்றால், மாலையில் டவரில் ஆட்கள் கூடுவதுதான் காரணமாக இருக்கும். அதை எந்தச் சனல் மாற்றமும் தீர்க்காது.

கேள்வி (சீனன்குடா): 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை திடீரென மறைந்து, பிறகு வேறு சனலில் வருகிறது. துறைமுகக் கப்பல்களின் ரேடாரா?

பதில்: கப்பல்களின் வழக்கமான வழிகாட்டு ரேடார்கள் 3, 9 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இயங்குபவை, அவற்றை விட்டுவிடுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சனல்களில் ரேடார் போன்ற துடிப்பு எது கேட்டாலும், பொய்த் துடிப்பானாலும், ரவுட்டர் பத்து விநாடிக்குள் விலகி 30 நிமிடம் அங்கே திரும்பக்கூடாது. புதிய சனலும் அந்த வரம்புக்குள் என்றால் குறைந்தது 60 விநாடி கேட்டபிறகே தொடங்கும். ‘ஆட்டோ’வை நிறுத்தி 36ஆம் சனலில், 80 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் நிலையாக வையுங்கள். 160 வேண்டாம், அது மறுபடியும் 52க்குள் நீளும்.