மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் வீரர்கள் ஏன் இளம் வயதிலேயே ஓய்வு பெறுகிறார்கள்?

திறந்தவெளியில், இயற்கையான மேடுபள்ளத்தில் நடக்கும் மண்தடப் பைக் பந்தயம் மோட்டோகிராஸ். அதையே ஸ்டேடியத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டி, தாவும் மேடுகளை நெருக்கி அமைத்து நடத்தினால் சூப்பர்கிராஸ்.

அமெரிக்காவின் ரிக்கி கார்மைக்கேல் 2007இல் ஓய்வு பெற்றபோது வயது 27. ரயன் வில்லபோட்டோ 2015இல் விலகியபோது 26. நம்ம பக்கம் அந்த வயதில்தான் பலருக்கு முதல் வேலையே நிலைக்கும்!

காரணம் உடம்பு. அமெரிக்காவில் ஜனவரி முதல் மே வரை சூப்பர்கிராஸ், வழக்கமாக 17 பந்தயம். அப்புறம் கோடையில் மோட்டோகிராஸ்: ஒரே நாளில் இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் 30 நிமிடம், அதற்கு மேல் தடத்தை இரண்டு முறை சுற்றி வரவேண்டும். கைப்பிடியை இறுக்கியே முன்கை கல்லாகிவிடும். உடைந்த எலும்பு சரியாகச் சேருமுன் அடுத்த பந்தயம் வந்து நிற்கும். சின்னப் பிள்ளையிலேயே பைக் ஏறியவர்கள் என்பதால் 27 வயதில் 20 வருட அடி உடம்பில் இருக்கும்.

திருச்செந்தூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால், வேகத்தடையில் இடுப்பு தனியே போய் வரும் இல்லையா? நின்றுகொண்டு வருபவர் முழங்காலை மடக்கிச் சமாளிப்பார். வீரர்களும் அப்படித்தான், பெரும்பாலும் நின்றே ஓட்டுகிறார்கள். திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் காடான குதிரைமொழித் தேரியில் பைக் இறக்கியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: பயந்து ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் முன்சக்கரம் செம்மணலில் புதையும். களைத்த பிறகும் முறுக்கியே ஆகவேண்டும்.

“வண்டிதானே ஓடுது, ஆளுக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்களுக்கு: ஏறத்தாழ 110 கிலோ வண்டியை அந்தரத்தில் சாய்த்து, திருப்பி, நேராக இறக்குவது அந்த ஆள்தான்.