குளிர்நாட்டுத் தோட்டத்தில் இலை உதிர்க்காத கொட்டை மரம் ஏதாவது வளர்க்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டுப் பின்புறம் ஒன்று நிற்கிறது, காய்க்கவும் செய்கிறது. இங்கே ஏற்கெனவே பதில் எழுதியவர்கள் வால்நட் வை, செஸ்ட்நட் வை என்கிறார்கள். கேள்வியில் "இலை உதிர்க்காத" என்று கேட்டிருப்பதை யாரும் படிக்கவில்லை போல. அவை இரண்டும் நவம்பரிலேயே மொட்டையாகிவிடும்.

நீங்கள் ஊரிலிருந்து வந்து இப்போதுதான் தோட்டத்தோடு வீடு வாங்கியிருப்பீர்கள். முதல் குளிர்காலத்தில் சன்னலுக்கு வெளியே எல்லாம் குச்சிகுச்சியாய் நிற்பதைப் பார்த்து மனசு விட்டுப்போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில்.

மரத்தின் பெயர் கெவுயினா. சிலி ஹேசல் என்றும் சொல்வார்கள். ஆனால் அது ஹேசல் என்கிற கொட்டை மரத்துக்கு ஒட்டோ உறவோ இல்லை, ஆஸ்திரேலியக் கொட்டையான மக்கடேமியாவுக்குத்தான் பங்காளி. நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அதே குடும்பம்தான். மக்கடேமியா இந்தக் குளிரில் தேறாது. கெவுயினா தேறும், ஏனென்றால் அதன் சொந்த ஊரே தென் சிலியின் மழைக்காடு. அங்கே மப்புச்சே பழங்குடி மக்கள் நெடுங்காலமாகச் சாப்பிட்டுவரும் கொட்டை இது. வறுத்துத் தின்பார்கள், மாவாக்குவார்கள், எண்ணெயும் எடுப்பார்கள்.

பார்க்கவும் அழகான மரம். பளபளவென்று கூட்டிலை, கோடைக் கடைசியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூங்கொத்து. காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பதால், இந்த வருடப் பூவும் போன வருடக் காயும் ஒரே கிளையில் இருக்கும். காய் பச்சையிலிருந்து சிவப்பாகி, கடைசியில் கறுப்பாகும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மரத்தைக் குளிர் கொல்வதைவிட நம் ஆட்களின் பாசம்தான் சீக்கிரம் கொல்லும்.

நான் வைத்தது இரண்டு கன்று. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் மகரந்தம் மாறி நன்றாகக் காய்க்கும் என்பதால். இரண்டும் இடுப்புயரம் வந்திருந்த சமயம், பொள்ளாச்சியிலிருந்து மாமனார் வந்தார். ஆயுசு பூராவும் தென்னை வைத்தவர். வந்த மறுநாளே கன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன உரம் போடறீங்க மாப்ள?" என்றார். ஒன்றும் போடுவதில்லை, போடவும் கூடாது என்றேன். "செடிக்குச் சோறு போடாதீங்கன்னு சொல்ற மொத ஆளு நீங்கதானுங்க" என்று சிரித்தார்.

காரணத்தையும் சொன்னேன். தென் சிலியில் எரிமலை மண். அதில் பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து இருக்கும், ஆனால் மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கெவுயினா கொத்துக்கொத்தாய் நுண்வேர் விட்டு, அமிலம் சுரந்து, அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். இந்தக் குடும்பத்து மரங்கள் பலவற்றுக்கும் இதே பழக்கம். இப்படிப் பஞ்சத்திலேயே பழகிய வேருக்கு பாஸ்பரஸ் நிறைந்த சூப்பர் பாஸ்பேட்டோ எலும்புத்தூளோ கொட்டினால், போதும் என்று நிறுத்தத் தெரியாது. உறிஞ்சி உறிஞ்சி இலையில் நஞ்சாகச் சேர்ந்துவிடும். மாமனார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் வேலைக்குப் போன ஒரு நாளில், ரோஜாவுக்கு வாங்கி வைத்திருந்த எலும்புத்தூளை வாசலோரக் கன்றுக்கு மட்டும் அள்ளிப் போட்டிருக்கிறார். எனக்கு ஆச்சரியம் தருவதற்காகவாம். அடுத்த கோடையில் அந்தக் கன்றின் இலை நரம்புக்கு நடுவே மஞ்சளாகி, நுனி கருகி, செடியே போய்விட்டது. பின்புறத்துக் கன்று அதே குளிர், அதே மழையில் தளதளவென்று வளர்ந்தது. மாமனாரைக் கேட்டால் இன்றைக்கும் "பனியில போயிருச்சுங்க" என்பார். ஒரு செடியை வைத்து முடிவுகட்டலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். இந்தக் குடும்பத்து மரங்கள் பலவற்றுக்கும் அதிகப் பாஸ்பரஸ் ஆகாது என்பது நான் கண்டுபிடித்தது இல்லை.

     

இடத்தைப் பொறுத்தவரை, அமில மண் வேண்டும். உங்கள் தெருவில் அமில மண்ணை விரும்பும் ரோடோடென்ட்ரான், கமீலியா பூச்செடிகள் செழிப்பாக இருந்தால் கவலை இல்லை. சுண்ணாம்பு மண் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வளர்ந்த மரம் மைனஸ் 8, 10 டிகிரி வரை தாங்கும். இளங்கன்று அவ்வளவு தாங்காது, அதற்குக் காற்று மறைப்பும் அரை நிழலும் கொடுங்கள். கார்ன்வால், அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை எல்லாம் தோதான இடம். நாட்டின் நடுப்பகுதியில் இருந்தால் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். உரத்துக்குப் பதில் மக்கிய இலையை மூடாக்காகப் போட்டால் போதும்.

"மங்கி பசில்" என்கிற சிலி நாட்டு ஊசியிலை மரமும் பச்சையாகத்தானே இருக்கிறது, அதிலும் கொட்டை உண்டே என்று யாராவது கருத்துப்பெட்டியில் கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்க முப்பது நாற்பது வருடம் ஆகும். பேரனுக்காக வைப்பதென்றால் வையுங்கள். கெவுயினா ஏழெட்டு வருடத்தில் காட்டிவிடும்.

விதை வாங்குவதாக இருந்தால் புதிதாக உதிர்ந்ததை மட்டும் வாங்கி, உலரவிடாமல் உடனே ஊன்றுங்கள். காய்ந்து கலகலக்கும் விதையைக் கொடுத்து "ஊறவைத்தால் முளைக்கும்" என்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அதைவிடத் தொட்டியில் வளர்ந்த கன்றாக வாங்குவது நல்லது. அதன் மண்ணில் என்ன உரம் கலந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.